படம் போன டிவி: சரிசெய்வதா, மாற்றுவதா?

ரிமோட்டை அழுத்தியதும் கம்பெனி லோகோ ஒரு நொடி மின்னுகிறது. அடுத்த நொடி திரை கறுத்துவிடுகிறது. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. சேனல் மாற்றினால் சத்தமும் மாறுகிறது. நான்கைந்து வருடம் ஓடிய எல்இடி டிவிகள் சர்வீஸுக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான். வீட்டில் இருப்பவர்கள் "டிவி போச்சு" என்று சொல்லிவிட்டு எக்ஸ்சேஞ்ச் விளம்பரத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு சோதனை செய்து பாருங்கள்.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். மெனு பட்டனை அழுத்துங்கள். செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சற்றுச் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். மெனு எழுத்துகளோ ஆள் உருவமோ மங்கலாகத் தெரிந்தால் பானல் நன்றாக இருக்கிறது, மதர்போர்டும் நன்றாக இருக்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் பேக்லைட் மட்டும் அணைந்துபோயிருக்கிறது. இதைச் சரிசெய்ய முடியும். ஐந்தாறு வருட டிவியாக இருந்தால் சரிசெய்வதுதான் லாபமும்கூட.

தட்டை டிவிக்குள் முக்கியமாக நான்கு பாகங்கள் உண்டு: கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டு, சிக்னலையும் சாஃப்ட்வேரையும் பார்த்துக்கொள்ளும் மதர்போர்டு, வெளிச்சம் தரும் பேக்லைட் பட்டைகள், படம் தெரியும் கண்ணாடிப் பானல். சின்ன டிவிகளில் முதல் இரண்டும் ஒரே போர்டில் இருக்கும். நான்குக்கும் ஆயுள் வேறு வேறு. முதல் மூன்றில் எது போனாலும் மாற்றிக்கொள்ளலாம். பானல் போனால்தான் டிவி போனது. ஏனென்றால் பானலின் விலை, அதே அளவு புது டிவியின் விலையில் பாதிக்கு மேல் வந்துவிடும். சரிசெய்வதா மாற்றுவதா என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை இதிலேயே இருக்கிறது.

எத்தனை வருடம் ஓடும்?

வருடக் கணக்கை விட மணிக் கணக்குதான் சரியான அளவு. எல்இடி பேக்லைட்டுக்கு 30,000 முதல் 60,000 மணி நேரம் என்று சொல்வார்கள். அது வெளிச்சம் பாதியாகக் குறையும் வரையிலான காலம். அத்தனை நாளும் பழுதே வராது என்பதற்கான உத்தரவாதம் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 1,825 மணி நேரம். காலை பக்திப் பாடல் தொடங்கி இரவு சீரியல் முடியும் வரை 12 மணி நேரம் ஓடும் வீட்டில் 4,380 மணி நேரம். அதாவது இரண்டாவது வீட்டின் மூன்று வயது டிவி, முதல் வீட்டின் ஏழு வயது டிவியை விடக் கிழடு. பழைய டிவி வாங்குகிறவர்களும் வருடத்தை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது, யார் வீட்டில் எப்படி ஓடியது என்றும் கேட்க வேண்டும்.

வெப்பம் செய்யும் வேலை இன்னும் பெரிது. பவர் போர்டில் உருளை வடிவில் நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் உள்ளே ஈரப்பசை கொண்டவை. சூட்டில் அந்த ஈரம் மெல்ல மெல்லக் காய்கிறது. 105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெபாசிட்டர், வெப்பம் 10 டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு காலம் உழைக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 75 டிகிரியில் 16,000 மணி, 65 டிகிரியில் 32,000 மணி. தினம் 12 மணி நேரம் ஓடும் டிவிக்கு இது மூன்றரை வருடத்துக்கும் ஏழு வருடத்துக்கும் உள்ள வித்தியாசம். மூன்று பக்கமும் மரப்பலகை அடைத்த ஷோகேஸுக்குள் டிவியைச் செருகி வைப்பது அந்த 10 டிகிரியை நாமே ஏற்றி வைப்பதற்குச் சமம்.

பேக்லைட் ஏன் முதலில் போகிறது?

பானலுக்குப் பின்னால், விரல் அகல அலுமினியப் பட்டைகளில் சின்னச் சின்ன எல்இடிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். 32 அங்குல டிவியில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பட்டைகள் இருக்கும். கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி இவை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒரு எல்இடி அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணையும். வரிசை அறுந்ததை, எல்இடிகளுக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் டிரைவர் ஐசி கண்டுபிடித்து மின்சாரத்தை நிறுத்திவிடும். லோகோ வந்து மறைவதற்குக் காரணம் இதுதான்.

முழுசாக அணைவதற்கு முன் சில அறிகுறிகள் தெரியும். திரையில் ஒரு இடத்தில் மட்டும் நிலா போல வெள்ளை வட்டம் தெரிந்தால் ஒரு லென்ஸ் பசை விட்டுக் கீழே விழுந்திருக்கிறது. படம் முழுக்க நீலம் அல்லது ஊதா படர்ந்தால் எல்இடியின் மேலுள்ள மஞ்சள் பாஸ்பர் பூச்சு சூட்டில் கெட்டுவிட்டது. படம் துடித்தால் ஒரு எல்இடியின் சால்டர் விட்டுவிட்டுத் தொடுகிறது. இந்த நிலையிலேயே கொடுத்துவிட்டால் மற்ற எல்இடிகளும் டிரைவரும் தப்பும்.

பேக்லைட்டின் ஆயுளை நீட்டும் வழி ரிமோட்டிலேயே இருக்கிறது. கடையில் காட்சிக்கு வைத்த 'விவிட்' அல்லது 'டைனமிக்' மோடில் பேக்லைட் 100இல் நிற்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அதை யாரும் மாற்றுவதில்லை. படம் என்ற செட்டிங்கில் 'ஸ்டாண்டர்டு' அல்லது 'மூவி' மோடுக்குப் போய், பேக்லைட் என்ற எண்ணை 50 முதல் 60க்குள் வையுங்கள். பகல் வெளிச்சம் நிறைய வரும் ஹாலில் 70 போதும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. பல மாடல்களில் 'பிரைட்னஸ்' என்ற எண் கறுப்பின் அடர்த்தியை மட்டும்தான் மாற்றும். அதைக் குறைத்தால் படம் இருண்டு போகுமே தவிர விளக்கு அதே சூட்டில்தான் எரியும். குறைக்க வேண்டியது பேக்லைட் எண். முதல் இரண்டு நாள் படம் மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும்.

மின்சாரமும் இடியும்

டிவியின் பின் ஸ்டிக்கரைப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் சாதாரண லோ வோல்டேஜ் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஸ்டெபிலைசர் விற்பவர் என்ன சொன்னாலும் லோ வோல்டேஜுக்காக இந்த டிவிக்கு அது தேவைப்படாது. ஆபத்து இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, தெருக் கம்பத்திலோ வீட்டு மெயினிலோ நியூட்ரல் விடுவது. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400 வோல்ட்டை நெருங்கி ஏறக்கூடும். பல்புகள் சட்டென்று அதிகமாகப் பிரகாசித்தால், மின்விசிறி வேகமெடுத்தால், யோசிக்காமல் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

இரண்டாவது, இடி. சித்திரை, வைகாசி கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் சர்வீஸ் கடைகளில் டிவி குவிவது இதனால்தான். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேபிள் வயர், டிஷ் வயர், இன்டர்நெட் லேன் வயர் எல்லாமே மின்னலின் அதிர்வை உள்ளே கொண்டுவரும் பாதைகள். கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்குள் வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாக மதர்போர்டைச் சுட்டுவிடும். மேகம் கறுத்ததும் பிளக்கை உருவுங்கள், செட்டாப் பாக்ஸின் கேபிளைத் திருகிக் கழற்றுங்கள், லேன் வயரைப் பிடுங்குங்கள். ஊருக்குப் போகும்போதும் இப்படியே செய்துவிட்டுப் போங்கள். ஸ்பைக் கார்டு வைத்திருந்தாலும் எர்த் சரியாக இல்லாத வீட்டில் அதற்குப் பாதி பலம்தான். உள்ளே இருக்கும் எம்ஓவி என்ற, அதிக வோல்டேஜைத் தடுக்கும் பாகம் ஒவ்வொரு அடியிலும் தேய்ந்துகொண்டே வருவதால் பல வருடப் பழைய ஸ்பைக் கார்டு வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக மாறியிருக்கும்.

அப்படியும் அடி வாங்கி டிவி முற்றிலும் செத்து, சிவப்பு விளக்குக்கூட எரியவில்லை என்றால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். பவர் போர்டின் வாசலில் ஒரு ஃபியூஸும், அதன் அருகே காசு வடிவில் நீல நிறத்தில் ஒரு எம்ஓவியும் இருக்கும். அதிக வோல்டேஜ் வந்தால் எம்ஓவி தானே வெடித்து ஃபியூஸை எரித்து, உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றும். அது இரண்டு மட்டும் போயிருந்தால் டிவியில் இதைவிடச் சின்ன வேலை கிடையாது. ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டு எம்ஓவியை வெட்டி எறிந்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. டிவி ஓடும், ஆனால் அடுத்த அடியைத் தாங்க ஆளில்லை. அதையும் போடச் சொல்லிக் கேளுங்கள்.

அறிகுறியைப் படிப்பது

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் முதலில் மெனு சோதனை. படத்தில் கோடோ கட்டம் கட்டமாக உடைவதோ தெரிந்தால் டிவியின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். மெனு சுத்தமாக இருந்து பின்னால் படம் மட்டும் உடைந்தால் கோளாறு சிக்னலில், செட்டாப் பாக்ஸில் அல்லது எச்டிஎம்ஐ வயரில் இருக்கிறது. மெனுவின் மேலும் கோடு ஓடினால் கோளாறு டிவியில். பாதி வீண் சர்வீஸ் கட்டணத்தை இந்த ஒரு பார்வை மிச்சப்படுத்தும்.

லோகோவிலேயே நின்றுவிடுவதும், தானே அணைந்து அணைந்து திரும்பத் தொடங்குவதும் பெரும்பாலும் சாஃப்ட்வேர் அல்லது அதைத் தாங்கும் மெமரி சிப்பின் கோளாறு. பிளக்கை உருவிப் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். யுஎஸ்பி, எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். கெட்டுப்போன பென் டிரைவ் ஒன்றே சில சமயம் டிவியைத் தடுக்கும். அதிலும் சரியாகவில்லை என்றால் சாஃப்ட்வேரை மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு மதர்போர்டு எண்ணும் பானல் எண்ணும் இரண்டும் பொருந்திய கோப்பு தேவை. தவறான கோப்பை ஏற்றினால் படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ வரும். அதனால்தான் சுவரில் மாட்டும் முன்பே பின் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது.

படம் போட்டோ நெகட்டிவ் மாதிரி நிறம் திரிந்து தெரிந்தால், அல்லது பாதித் திரை மட்டும் இருண்டால், சந்தேகப்பட வேண்டியது, மதர்போர்டிலிருந்து வரும் படத்தைப் பானலுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்ன டி-கான் போர்டையும் அதிலிருந்து பானலுக்குப் போகும் பட்டை வயர்களையும். வயரைக் கழற்றி, முனையைத் துடைத்து, திரும்பச் செருகியதில் சரியாகும் டிவிகள் நிறைய. கடலோர ஊர்களில் உப்புக் காற்று அந்த முனைகளில் பச்சை பூக்க வைக்கும்.

மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்றிரண்டு நிரந்தரமாக நின்றால் அது பானல் விவகாரம். கண்ணாடியின் விளிம்பில் சிஓஎஃப் என்ற மெல்லிய நாடாக்கள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு நாடாவிலும் ஒரு ஐசி, தலைமுடியை விட நெருக்கமான நூற்றுக்கணக்கான இணைப்புகள். சூட்டிலும் ஈரத்திலும் ஒட்டு விடும்போது கோடு விழுகிறது. இந்த ஈரம் பல வீடுகளில் நம் கையாலேயே உள்ளே போகிறது. கண்ணாடி கிளீனரைத் திரையில் நேராகத் தெளித்துத் துடைக்கிறார்கள். நீர் வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கி, பல மாடல்களில் அங்கேயே இருக்கும் நாடாக்களின் மேல் தேங்கி, செம்பை அரிக்கிறது. கிளீனரில் இருக்கும் அமோனியா திரையின் மேல் பூச்சையும் கெடுக்கும். டிவியை அணைத்து ஆறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, அழுத்தாமல் துடைத்தால் போதும்.

பானல் நாடாவை மெஷின் வைத்து மறுபடி ஒட்டும் 'பாண்டிங்' வேலை சென்னை ரிச்சி தெரு வட்டாரத்திலும் மற்ற பெரிய நகரங்களிலும் நடக்கிறது. பெரிய டிவிக்கு, நல்ல மெஷின் இருக்கும் இடத்தில் செய்தால் பலன் உண்டு. இன்னொரு வழி, பானலின் வரிசைகளை ஒவ்வொன்றாக இயக்கும் கேட் சிக்னலை ஒரு பக்கத்தில் மட்டும் டேப் ஒட்டியோ வெட்டியோ நிறுத்திவிட்டு மறுபக்கத்தை வைத்தே படம் வரவைப்பது. சில பானல்களில் அது உடனே வேலை செய்யும். எத்தனை நாள் தாங்கும் என்று செய்தவராலும் சொல்ல முடியாது. எந்த வழியில் சரிசெய்கிறார் என்பதை முன்கூட்டியே கேட்டு, இரண்டாவது வழியென்றால் அதற்குரிய சின்னத் தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். 32 அங்குல டிவிக்குப் பானல் பாண்டிங் செய்வது பணத்தைத் தண்ணீரில் போடுவது என்பதே எங்கள் கருத்து.

பேக்லைட் வேலை கொடுக்கும்போது

இந்த வேலையில்தான் நல்ல மெக்கானிக்கும் அவசர மெக்கானிக்கும் பிரிகிறார்கள். பட்டைகளை எட்டிப் பிடிக்கக் கண்ணாடிப் பானலைத் தூக்கியாக வேண்டும். கதவுக் கண்ணாடியை விட மெல்லிய பானல் அது, ஓரத்தில் நாடாக்கள் தொங்கும். 43 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். மெத்தை விரித்த பெரிய மேசை வேண்டும். ஒரு ஆளாக வந்து ஹால் தரையிலேயே பெரிய டிவியைப் பிரிக்கிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தூக்கும்போது கண்ணாடி கீறினால் கணக்கு யாருடையது என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, போன எல்இடியை மட்டும் மாற்றுவாரா, எல்லாப் பட்டைகளையும் மாற்றுவாரா? ஒரே வயதுடைய எல்இடிகளில் ஒன்று போனால் மற்றவை பின்னாலேயே வரும். ஒன்றை மட்டும் மாற்றிய டிவி சில மாதத்தில் திரும்ப வரும், புது எல்இடி இருக்கும் இடம் மட்டும் தனியாகப் பளிச்சிடும். முழு செட்டையும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது, பட்டை டிவிக்குப் பொருந்தியதுதானா? எல்இடிகளில் 3 வோல்ட் வகையும் 6 வோல்ட் வகையும் உண்டு. மாற்றிப் போட்டால் புதுப்பட்டை உடனே போகும். நீளமும் லென்ஸ் இடைவெளியும் பழைய பட்டையோடு பொருந்தாவிட்டால் திரையில் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுகள் தெரியும். மூன்றாவது, கரண்டைக் குறைத்துவிட்டுக் கொடுப்பாரா? டிரைவர் பகுதியில் கரண்டின் அளவை நிர்ணயிக்கும் சென்ஸ் ரெசிஸ்டரை மாற்றினால் எல்இடிக்குப் போகும் மின்னோட்டம் இருபது முப்பது சதவீதம் குறையும். வெளிச்சம் கொஞ்சம்தான் குறைந்ததாகத் தெரியும், பட்டை குளிர்ச்சியாக ஓடும். மலிவு பட்டைகள் போடும்போது இது மிக அவசியம்.

திரும்ப வந்ததும் முழு வெள்ளைப் படம் ஒன்றை யுஎஸ்பி மூலம் போட்டுப் பாருங்கள். உள்ளே மாட்டிய தூசி, வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும் டிஃப்யூசர் தாளின் மடிப்பு, விரல் தடம் எல்லாம் வெள்ளையில்தான் தெரியும். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வீட்டிலேயே பின் மூடியைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பவர் போர்டின் பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் சில நிமிடம், கோளாறான போர்டில் இன்னும் நீண்ட நேரம், அது இறங்காது. மல்டிமீட்டரில் அளந்து பூஜ்யம் பக்கம் வந்ததை உறுதி செய்யாமல் விரல் வைக்கக் கூடாது. மூடியைத் திறந்தால் உப்பிய கெபாசிட்டர், கருகிய தடம், செத்த பல்லி இவற்றைக் கண்ணால் பார்க்கலாம். பல்லி சூடு தேடி உள்ளே போய் இரண்டு தடங்களுக்கு நடுவே படுத்துவிடுகிறது. அப்படிப் போர்டு எரிவது நம் ஊர்களில் சாதாரணம். காற்று வரும் துளைகளை அடைக்காமல், டிவிக்குப் பின்னால் பல்லி அண்டாதபடி சுவரை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்மார்ட் போனால் டிவி போய்விடாது

பானல் பத்து வருடம் உழைக்கும். டிவிக்குள் இருக்கும் ஸ்மார்ட் சாஃப்ட்வேர் அதற்கு முன்பே முதுமை அடைந்துவிடும். சில பழைய சாம்சங் டிவிகளில் 2019 டிசம்பர் 1 முதல் நெட்ஃப்ளிக்ஸ் நின்றுபோனது நினைவிருக்கலாம். ஆப் திறக்கத் திணறுகிறது, அப்டேட் வரவில்லை என்பதற்காக நல்ல பானலைத் தூக்கிப் போட வேண்டாம். எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் டிவி வெறும் திரையாகிவிடும், மூளை ஸ்டிக்கில் இருக்கும். அந்த ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள். பல டிவிகளின் யுஎஸ்பி அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். கூட வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள். இதேபோல ஸ்பீக்கர் கரகரப்பது, ரிமோட் வேலை செய்யாதது, ஒரு எச்டிஎம்ஐ துளை ஆடுவது எதுவும் டிவியை மாற்றக் காரணமாகாது.

கரண்ட் மிச்சம் என்ற காரணத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 வாட் டிவி தினம் 5 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 146 யூனிட். புது டிவி 65 வாட் என்றால் மிச்சம் வருடத்துக்கு 27 யூனிட். புது டிவியின் விலையை அது ஒருநாளும் ஈடுகட்டாது.

ஓஎல்இடிக்குக் கணக்கு வேறு

ஓஎல்இடியில் பேக்லைட் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே தேயும். ஒரே இடத்தில் நாளெல்லாம் நிற்கும் சேனல் லோகோவும் செய்திச் சேனலின் கீழ்ப்பட்டியும் அந்த இடத்துப் புள்ளிகளைச் சீக்கிரம் தேய்த்து, மற்ற படத்திலும் நிழலாக நிற்கும். நாள் முழுதும் ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வாங்கிவிட்டவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மொத்தமாகச் சுமார் 4 மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும் இந்த டிவி ஸ்டாண்ட்பையில் சில நிமிடம் தன் புள்ளிகளைத் தானே சரிசெய்துகொள்ளும். அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் தட்டிவிடும் நம் பழக்கம் அந்த வேலையை ஒவ்வொரு இரவும் கெடுக்கிறது. ஓஎல்இடிக்கு மட்டும் சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும், இடி மழை நேரம் தவிர.

எப்போது மாற்றலாம்?

பானல் உடைந்தால் மாற்றுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பானல் நன்றாக இருந்து வேறு பாகம் போனால், சரிசெய்யும் செலவை அதே அளவு புது டிவியின் விலையோடு ஒப்பிடுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் டிவிக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை செலவழிக்கலாம். எட்டு வயதைத் தாண்டியதற்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் அடுத்த பாகம் வரிசையில் நிற்கிறது. பேக்லைட் ஒரு முறை மாற்றியாகிவிட்டது, இரண்டு வருடத்தில் மீண்டும் போய், கூடவே ஓரத்தில் கோடும் விழ ஆரம்பித்திருந்தால் அதுவும் மாற்ற வேண்டிய நேரம்தான். உள்ளூர் பிராண்ட் 32 அங்குல டிவிகளுக்கு யுனிவர்சல் போர்டு எங்கும் கிடைப்பதால் அவற்றைச் சரிசெய்வது எளிது. பெரிய கம்பெனியின் பழைய மாடல் மதர்போர்டுக்கு உதிரிபாகம் நின்றுவிட்டால், பானல் நன்றாக இருந்தும் வழியில்லாமல் போவதுண்டு.

2010க்கு முன்பு வாங்கிய எல்சிடி டிவிகளில் எல்இடிக்குப் பதில் மெல்லிய சிசிஎஃப்எல் குழல் விளக்குகள் இருக்கும். படம் மஞ்சளடித்து, போட்டதும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் குழல் முடியப் போகிறது. அதற்குச் செலவு செய்ய வேண்டாம். பிளாஸ்மா டிவி இன்னும் ஓடினால் ஓடும்வரை பாருங்கள். பானாசோனிக் 2013இலேயே பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டது, மற்றவர்களும் பின்னாலேயே நிறுத்திவிட்டார்கள், பாகம் தேடி அலைவதில் அர்த்தமில்லை.

புதிது வாங்குகிறவர்களுக்கு: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அந்த விகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி அட்டையில் பானலுக்கு எத்தனை வருடம், மற்ற பாகங்களுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியே படியுங்கள். பேக்லைட் எந்தக் கணக்கில் வரும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குவது புத்திசாலித்தனம். பழைய செட்டாப் பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்தான் என்றால் புது டிவியில் அதற்குத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மாடல்களில் சின்ன 3.5 மில்லிமீட்டர் துளை மட்டும் இருக்கும், தனி வயர் தேவைப்படும். வண்டியில் கொண்டுவரும்போது டிவியை நிமிர்த்தியே வைக்க வேண்டும், படுக்க வைத்தால் நடுவில் அழுத்தம் பட்டுக் கண்ணாடியில் விரிசல் விழும். மாட்டும்போது பக்கங்களிலும் மேலேயும் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மழையில் ஊறும் வெளிச்சுவர், சமையலறைப் புகை வரும் சுவர், மாலை வெயில் நேராக அடிக்கும் சுவர் மூன்றையும் தவிருங்கள்.

பழைய டிவியைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். பானல் உடைந்த டிவியாக இருந்தாலும் அதன் பவர் போர்டும் மதர்போர்டும் பட்டைகளும் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும். தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டால் எக்ஸ்சேஞ்சில் தருவதை விட நல்ல விலை கிடைப்பதுண்டு. ஸ்மார்ட் டிவி என்றால் கொடுக்கும் முன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். படம் வராத நிலையில் அது முடியாது என்றால், போனிலிருந்து கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலுக்குப் போய் அந்த டிவியை நீக்கலாம். சிசிஎஃப்எல் குழல் உள்ள பழைய எல்சிடியில் பாதரசம் இருக்கிறது, அதை உடைக்கவோ எரிக்கவோ கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்கள் பழையதை மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். புது டிவி கொண்டுவரும் ஆளிடமே பழையதை எடுத்துப் போகச் சொல்லி, கம்பெனி வாடிக்கையாளர் எண்ணில் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது.